புதுக்கப்பல் கொச்சிக்குத்தான் வரும்

பிப்ரவரி 4, ஞாயிறு

பேத்தி பெபிஷா வியாழக்கிழமை வந்தாள். வந்த அன்று தூங்கினாள், மறுநாளும் தூங்கினாள். இன்று விடியற்காலை கோயிலில் நடக்கும் முதல் பூசைக்கு எழுப்பிக் கூட்டிப் போனேன். திரும்பும்போது கரையில் நல்ல சாளை மீன் கிடந்தது. மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். கப்பலில் முப்பது வகை வைப்பார்களாம், ஒன்றிலும் உறைப்பு கிடையாதாம். சட்டியை வழித்துத் தின்றாள்.

எங்கள் ஊர் முட்டத்தில் இன்னும் சிலர் அவள் சரக்குக் கப்பலில் போகிறாள் என்று நினைக்கிறார்கள். நான் திருத்திக்கொண்டே இருக்கிறேன். ஆள் ஏறுகிற கப்பல். ஊர் சுற்றிப் பார்க்கப் பணக்காரர்கள் ஏறுவார்கள். வருகிறவர்களுக்கு அறைச் சாவி கொடுத்து, குறை கேட்கிற இடத்தில் இவள் நிற்கிறாள்.

இப்போது புதுச் செய்தி. கம்பெனி இத்தாலியில் ஒரு புதுக்கப்பல் கட்டுகிறது. ஆகஸ்டில் ஓடும். அதில் அந்த இடத்துக்கு இவளை இரண்டாவது அதிகாரியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்! கப்பலை எந்தத் துறைமுகத்தில் வைத்து ஓட்டுவது என்று மட்டும் முடிவாகவில்லையாம். கொச்சி, துபாய், சிங்கப்பூர் மூன்றும் பேச்சில் இருக்கிறது.

இதில் முடிவு பண்ண என்ன இருக்கிறது? கொச்சிதான்.

பிப்ரவரி 6

பெபிஷாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கப்பல் எங்கே பிறந்தது என்பது கணக்கில்லை. எங்கிருந்து ஆள் ஏற்றுகிறதோ அதுதான் அதன் வீடு. வாரம் ஒருமுறை அங்கே திரும்பி வரும். காலையில் பழைய ஆட்கள் இறங்கி, சாயங்காலத்துக்குள் புது ஆட்கள் ஏறி, காய்கறி, தண்ணீர், எண்ணெய் எல்லாம் ஏறிவிட வேண்டும். விமானம் பக்கத்தில் இறங்க வேண்டும். ஆழம் வேண்டும். டிக்கெட் வாங்கக் காசுள்ள ஆள் வேண்டும்.

நம் படகுக்காரர்கள் பார்ப்பதும் இதுதானே. ஐஸ், டீசல், விலை சொல்லி மீன் எடுக்க வியாபாரி. அவளிடம் சொன்னேன். "பாட்டி, நீ கம்பெனி முதலாளி மாதிரி பறையுத" என்று சிரித்தாள்.

பிறகு ஒன்று சொன்னாள். "புதுக்கப்பல நல்லா ஓடுத சந்தையிலதான் விடுவாங்க பாட்டி. பழசத்தான் புது எடத்துல விட்டு ஆழம் பாப்பாங்க."

"அதத்தானே மக்கா நானும் சொல்லுதேன்! இஞ்ச புதுப்படகு வாங்குனவன் எவனாவது முட்டத்துல போட்டானா? நேரே கொச்சிக்குக் கொண்டு போவான். பழசாப் போனா இஞ்ச இழுத்துட்டு வருவான்."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். போன் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஞானதாசன் கொச்சிப் படகில் காலம் கழித்தவர். மகன் இப்போதும் அங்கேதான். கொச்சியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கடியபட்டணத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெனின், நெய்யூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடக்கமான பிள்ளை. பெபிஷாவும் அவனும் பின்கட்டில் நின்று பேசிவிட்டு வந்தார்கள். இரண்டு பேர் முகமும் தெளிவாக இருந்தது. எனக்கு அது போதும்.

பையனுடைய அம்மா லில்லிபுஷ்பம் லேசுப்பட்டவள் இல்லை. காப்பிக் குவளையை வைத்ததும் ஆரம்பித்தாள். "பிள்ளை தங்கம் போல இருக்கா மாமி. ஆனா ஏழு எட்டு மாசம் கடல்லயே கெடந்தா எனக்க மகனுக்கு எதுக்குக் கல்யாணம்? போட்டோவ வச்சுட்டு இருக்கவா?"

பெபிஷாவின் அம்மா, என் மருமகள், என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கமாட்டாள். நான்தான் சொன்னேன். புதுக்கப்பல் கொச்சிக்கு வருகிறது, வாராவாரம் கரையில் நிற்கும், பெனின் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது பெண்டாட்டி முகத்தில் முழிக்கலாம், இவளுக்கும் லீவு கிடைக்கிறபோது ஓடி வரலாம்.

"வரல்லேன்னா?"

"வரும்."

"வரல்லேன்னா மாமி?"

"வரல்லேன்னா நான் சொல்லி அவ வேலைய விடுவா. இது விக்டோரியாவுக்க வாக்கு."

லில்லி முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெபிஷா அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை. கப்பல் கொச்சிக்குத்தான் வரும்; வராமல் போனால் என்கிற நடக்காத காரியத்துக்கு வாக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

பிப்ரவரி 14

சாம்பல் புதன். தவக்காலம் முழுக்க இறைச்சி வேண்டாம் என்று நேர்ந்துகொண்டேன். தினம் ஒரு ஜெபமாலை, கப்பல் கொச்சிக்கு வர.

மார்ச் 3, ஞாயிறு

பங்குச் சாமியார் கேட்டார், "பாட்டி, மழைக்கா ஜெபமாலை, மகனுக்கா?" கப்பல் கொச்சிக்கு வர என்றேன். "சிங்கப்பூர்லயும் கோயில் இருக்கு பாட்டி. அங்க உள்ளவங்களும் ஜெபிப்பாங்களே" என்றார்.

அவர்கள் எனக்கு முன்னால் தொடங்கியிருக்கமாட்டார்கள்.

மார்ச் 19

கம்பெனி ஆட்கள் கொச்சிக்கு வந்து துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். பெபிஷாவுக்குக் கூட வேலை பார்க்கும் பெண் அனுப்பிய செய்தி. நான் நினைத்தபடியே நடக்கிறது. மருமகளிடம் கல்யாண வேலையைத் தொடங்கச் சொன்னேன். "முடிவாகட்டுமே அத்தை" என்றாள். இவள் என்றைக்குத்தான் ஒரு காரியத்தைத் துணிந்து தொடங்கியிருக்கிறாள்?

மார்ச் 31

ஈஸ்டர். இறைச்சி தின்றேன். வாய்க்கு ருசித்தது.

ஏப்ரல் 10

கல்யாணம் மே 6 என்று குறித்தாயிற்று. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும், இங்கேயும் மாப்பிள்ளை ஊரிலும். சாமியார், "பிள்ளைக்க வேலை விஷயம் தெரிஞ்ச பிறகு வாசிக்கலாமா?" என்று கேட்டார். ஒரு தடவை ஓலை வாசித்துவிட்டு நின்றுபோனால் பெண்ணின் பெயர்தான் கெடும் என்றார். அவர் ஊர் வேறு, படித்த இடம் வேறு. கடலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். வாசியுங்கள் சாமி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

முதல் ஓலை. எங்கள் வீட்டுப் பெயரை மைக்கில் கேட்டதும் முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் போட்டிருந்த முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டேன். பூசை முடிந்து வெளியே வந்தால் ஒரே விசாரிப்பு. எல்லோரிடமும் சொன்னேன், பிள்ளை கல்யாணம் முடிந்து கொச்சிக் கப்பலில் ஏறுகிறாள் என்று.

ஏப்ரல் 17, புதன்

சிங்கப்பூர்.

ஏப்ரல் 18

நேற்று அதற்கு மேல் எழுதவில்லை.

நேற்றுக் காலையில் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பெபிஷா படித்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். வருஷம் முழுக்கச் சிங்கப்பூர்தான். மாதக் கடைசிக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

"ஏம்ட்டீ? கொச்சிக்கு என்ன கொறச்சல்?"

"மழை பாட்டி."

மழையா என்றேன். சொன்னாள். ஜூன் பிறந்தால் அந்தப் பக்கத்துக் கடல் எப்படி இருக்கும், காசு கொடுத்து ஏறியவன் அறைக்குள் கிடந்து வாந்தி எடுப்பானா? கோடையில் துபாயில் வெயில் தாங்காது. புதுக்கப்பல் வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டுகிற கப்பல், அது ஒரு மாதம்கூடச் சும்மா நிற்கக் கூடாது. சிங்கப்பூரில் பன்னிரண்டு மாதமும் ஆள் ஏறுவார்கள்.

ஆனியும் ஆடியும்! நான் மறந்தது இதையா? படகெல்லாம் கரையேறிக் கிடக்கிற மாதங்களை? எத்தனை ஆடி பட்டினியில் கிடந்திருப்பேன் — பெரிய கப்பலுக்கு மழை என்ன, காற்று என்ன என்று நினைத்துவிட்டேன். கப்பலுக்கு ஒன்றுமில்லைதான். உள்ளே இருக்கிறவனுக்கு வயிறு இருக்கிறதே.

"அன்னைக்கே சொல்ல வந்தேன் பாட்டி. உனக்குக் கொச்சிதான் பெரிய ஊர். கம்பெனிக்குக் கொச்சி நம்ம முட்டம் மாதிரி. பழைய கப்பல் ஒண்ண விட்டுப் பாப்பாங்க, அவ்வளவுதான்."

கொச்சி முட்டம் மாதிரியாம். என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

ஏப்ரல் 18, சாயங்காலம்

பெபிஷா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். துணி மடித்துக்கொண்டே கேட்டாள், "எனக்க வேலைய எதுக்குப் பாட்டி ஏலத்துல வச்ச?"

நான் உனக்கு நல்லதுக்குத்தானே என்றேன்.

"நல்லதுதான். ஆனா எனட்ட கேட்டியா? ஒரு வார்த்தை?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

"நீ சொல்லு, விட்டுருதேன். உனக்க வாக்கு பொய்யாகக் கூடாதுல்லா. நீயே சொல்லு."

மீன் வியாபாரம் பண்ணியவள் நான், ஏலத்தில் ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். நஷ்டம் என்று தெரிந்தாலும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வேன். இந்தக் கரையில் விக்டோரியா சொன்ன சொல்லை மாற்றினாள் என்று யாரும் பேசியதில்லை. ஆனால் தலையில் வைத்தது என் கூடை. இவள் அந்தக் கப்பலில் கழிவறை கழுவித் தொடங்கி இந்த இடத்துக்கு வந்தவள். அதை எடுத்து இன்னொருத்தி கையில் கொடுக்க நான் யார்?

வேலையை விடு என்று சொல்லமாட்டேன். இனி லில்லியிடம் போய் நிற்க வேண்டியது நான்தான். மாதா, தைரியம் கொடு. இல்லை, தைரியம் இருக்கிறது. வார்த்தை கொடு.

ஏப்ரல் 20, சனி

கடியபட்டணம் போனேன். மருமகள் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

லில்லி முற்றத்தில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். கப்பல் சிங்கப்பூருக்குப் போகிறது. பிள்ளை வேலையை விடமாட்டாள். விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நான் சொன்னது தப்பு.

அரிவாளைக் கீழே வைத்தாள். "அப்ப வாக்கு மாறுதிய."

"ஆமா. மாறுதேன்."

"முட்டத்து விக்டோரியா மாமிக்கு ஒரே சொல்லுன்னு எனக்கத் தாயி சொல்லிக் கேட்டிருக்கேன். இதுதான் அந்தச் சொல்லா?"

குத்தியது. குத்தட்டும். "ஏட்டி லில்லி, உனக்க மாப்பிள குவைத்துல எத்தனை வருஷம் கெடந்தாரு? நீ குடும்பம் நடத்தல்லியா? நான் நடத்தல்லியா?"

"ஆம்பிள போறதும் பொம்பிள போறதும் ஒண்ணா மாமி?"

"வீட்டுல கெடந்து காத்திருக்கவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அதான் வேண்டாம்னு சொல்லுதேன்!" என்று கத்தினாள். கண் கலங்கிவிட்டது. "காத்திருந்தது நான். எனக்குத் தெரியும் அது என்னன்னு. எனக்க மகனுக்கு வேண்டாம்."

அவள் வீம்புக்குப் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இங்கே இரண்டாம் ஓலை வாசித்தார்கள். கடியபட்டணத்தில் வாசிக்கவில்லை.

ஏப்ரல் 22

மத்தியானத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி, "கொச்சிக் கப்பல் கரை தட்டிற்றா பாட்டி?" என்று கேட்டாள். கப்பல் மிதக்கிறது, உன் வாயைக் கொஞ்சம் நங்கூரம் போடு என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டேன்.

பெபிஷா கம்பெனிக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. கேட்டால், "அனுப்புவேன்" என்கிறாள். வருகிறேன் என்றா? கேட்கவில்லை. இந்தத் தடவை நான் வாயைத் திறப்பதாக இல்லை.

ஏப்ரல் 25, வியாழன்

பெனின் வந்தான். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நேரே பைக்கில் வந்திருக்கிறான். பெபிஷாவைப் பார்க்க என்று நினைத்தேன். அவளும் மருமகளும் நாகர்கோவிலுக்குப் போயிருந்தார்கள். "தெரியும் பாட்டி, அவ சொன்னா. உங்களத்தான் பாக்க வந்தேன்" என்றான்.

ஓலையை நிறுத்தச் சொன்னது அவன் அம்மா. அவனிடம் கேட்காமலே சாமியாரிடம் சொல்லிவிட்டாளாம். இரண்டு வீட்டிலும் ஒரே கதைதான்.

"பாட்டா கொச்சியில கெடந்தப்ப உங்களுக்கு எப்பிடி இருந்துச்சு பாட்டி? கல்யாணம் நடக்கணும்னு சொல்லாதீங்க. உள்ளதச் சொல்லுங்க."

மீன் வியாபாரிக்குத் தெரியும், செவிளைப் பிரித்துக் காட்டும்போது எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று. ஆனால் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து எனக்கு அந்த வேலை வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். முதலில் அழுகைதான். சோறு இறங்காது. பிறகு பழகிப்போகும், அதுதான் மோசம். வீட்டை உன் இஷ்டப்படி நடத்தப் பழகிவிடுவாய். உப்பு எங்கே இருக்கிறது, யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், எல்லாம் உன் கையில். அப்போது அவர் வந்து இறங்குவார். விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டு, உப்பு எங்கே என்று கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். காத்துக் கிடந்த ஆள் மேலேயே எரிச்சல். அவருக்கும் அது தெரியும். சொந்த வீட்டில் பைய நடப்பார். போகிற நாள் நெருங்கும்போதுதான் இரண்டு பேருக்கும் ஒட்டும்.

"இதையெல்லாம் அவரிட்ட சொன்னியளா?"

இல்லை என்றேன். அவர் இருக்கும்வரை சொல்லவில்லை.

"நாங்க சொல்லிக்கிடுவோம் பாட்டி. இப்பமே தினமும் சண்டைதான் போன்ல" என்றான். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சோறு போட்டேன். மீன் முள்ளை எடுத்து வரிசையாகத் தட்டின் ஓரத்தில் வைக்கிறான். சுத்தக்காரன்.

போகும்போது, "அம்மாகிட்டயும் இதே மாதிரி உள்ளதப் பேசுதேன். எங்கப்பா வந்து எறங்கும்போதும் இப்பிடித்தான் இருந்திருக்கும்லா" என்றான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இங்கே மூன்றாம் ஓலை. கடியபட்டணத்தில் இரண்டாவது — வாசித்துவிட்டார்கள்! மருமகளின் தங்கை போனில் சொன்னாள். இவ்வளவு நாள் வாய் திறக்காத மருமகள் அடுக்களையில் நின்று, "ஆண்டவரே" என்று கத்தியதில் பூனை ஓடிப்போனது.

கல்யாணம் ஒரு வாரம் தள்ளி மே 13. மண்டபக்காரனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பிறகுதான் பெபிஷா சொன்னாள், வருகிறேன் என்று கம்பெனிக்குப் புதன்கிழமையே பதில் அனுப்பிவிட்டாளாம். அதாவது பெனின் இங்கே வருவதற்கு முந்தின நாள். ஓலை நின்று கிடந்த நேரத்தில்.

"கல்யாணம் நடக்காமப் போனா என்ன செய்திருப்ப மக்கா?"

"அழுதிருப்பேன். பிறகு கப்பல் ஏறியிருப்பேன்."

என் பேத்தி. வேறு யார் பேத்தி இப்படிச் சொல்லுவாள்?

மே 5, ஞாயிறு

கடியபட்டணம் பூசைக்கு நானே போனேன், என் காதால் கேட்க. மூன்றாவதும் வாசித்தார்கள். வெளியே லில்லி என் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கு இப்பமும் சம்மதமில்ல மாமி. அவனுக்குச் சம்மதம். அவன் சொன்னதக் கேட்டு ராத்திரியெல்லாம் பழசு நெனச்சுட்டுக் கெடந்தேன்" என்றாள்.

சம்மதமில்லாமலே நல்லா வந்து நில்லு என்றேன். "பச்சச் சேலைதான் உடுத்துவேன்" என்றாள்.

மே 13, திங்கள்

கல்யாணம் முடிந்தது. மழை வரும்போல இருந்து வரவில்லை. மீன் குழம்பு பத்தாமல் போனது ஒன்றுதான் குறை. லில்லி பச்சைச் சேலையில் வந்தாள். என் சேலையைவிட நன்றாக இருந்தது.

ஜூலை 22

பெபிஷா சனிக்கிழமை விமானம் ஏறினாள். திருவனந்தபுரம்வரை எல்லோரும் போனோம். நான் அழமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன், அழவில்லை. பெனினும் லில்லியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். வரும் வழியில் வண்டியை நிறுத்தி அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தேன். ஆறவிட்டுக் குடிக்காமல் கொட்டினான்.

ஆடி பிறந்து கடல் கொதிக்கிறது. மகன் தடைக்காலத்துக்கு வீட்டில் இருக்கிறான். ஒரு வேலையும் செய்வதில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது. பெனின் வந்திருந்தான். மெலிந்திருக்கிறான். கேட்டதற்கு, "சண்ட போட ஆளில்ல பாட்டி" என்றான். போனில் போடுவதெல்லாம் கணக்கில் வராதாம்.

லில்லி தினமும் பெபிஷாவிடம் போனில் பேசுகிறாள். மகன் பேசும் முன்பே போனைப் பிடுங்கிவிடுகிறாளாம்.

செப்டம்பர் 12

லில்லி போன் செய்து, நாளைக்குத் தக்கலைக்கு வர முடியுமா என்று கேட்டாள். எதற்கென்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்பாளாம்.

செப்டம்பர் 13, வெள்ளி

போனேன். பச்சைச் சேலையில் நின்றாள். கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனாள். ஒரு போட்டோ ஸ்டுடியோ.

வேலை பார்க்கிறவர்கள் வீட்டு ஆட்கள் சும்மாவே கப்பலில் ஏறலாமாம், சாப்பாடும் உண்டாம். பெபிஷா எழுதிக் கேட்டு வைத்திருக்கிறாள். பெனினுக்கு லீவு கிடைப்பது டிசம்பரில். கூட லில்லி போகிறாள். "நானும் அவனும் தனியாப் போனா வழியெல்லாம் மூஞ்சியத் தூக்கிட்டு இருப்பான். நீங்களும் வரணும் மாமி. பாஸ்போர்ட், விசாவுக்கெல்லாம் போட்டோ எடுக்கணும்."

"கப்பல்ல ஏறினா எனக்கு வாந்தி வராதா?" என்று கேட்டேன். அந்தக் கடலில் அலையே கிடையாது, குளம் மாதிரி இருக்கும், அதனால்தானே கம்பெனிக்காரன் கப்பலை அங்கே கொண்டு போட்டான் என்று எனக்குச் சொல்லித் தருகிறாள்.

முதலில் அவள் உட்கார்ந்தாள். பிறகு நான். முந்தானையை இறக்குங்க, நேரே பாருங்க, சிரிக்கக் கூடாது என்றான் போட்டோக்காரன். சிரித்தால் ஆபீசில் எடுக்கமாட்டார்களாம். நான் முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவனுக்குப் பின்னால் லில்லி நின்றுகொண்டு, தானும் முகத்தை இறுக்கிக்கொண்டு எனக்குக் காட்டினாள்.

மூன்று தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது.